ஒரு வீட்டின் கணப்பு

வெயிலுக்கு ஒதுங்கும் நாட்டிற் பிறந்த எமக்குக் குளிரென்பது பெரும்பாலும் ஏட்டிற் கண்ட பொருளேயாம். நெடுநல்வாடையை வகுப்பிற் பயின்ற ஞான்று, கோவலர் நெருப்பிற் கைகாய்தலையும், மாடங்களிற் சாளரம் அடைத்து மாந்தர் தீயருகே ஒடுங்குதலையும் நக்கீரர் பாடியது கண்டு அதன் அழகில் மகிழ்ந்தோமேயன்றி, அக்குளிர் எத்தகையதென உணர்ந்தோமல்லோம். திருநெல்வேலிச் சீமையில் மார்கழி விடியலில் ஒரு போர்வை மிகையாக வேண்டின் அதுவே எமக்குக் கடுங்குளிர். அத்தகைய யாம், ஆங்கில நாட்டு வீடொன்றிற்கு எவ்வகைக் கணப்பு ஏற்றதென ஆராய்ந்து கணக்கெழுத நேர்ந்தது. நேர்ந்த வரலாற்றையும், அதனால் அறிந்தவற்றையும் எம் கல்லூரித் தோழர்க்கு ஈண்டு எடுத்துரைப்பாம்.

எம் தமக்கையார் செவிலித் தொழில் பூண்டு இங்கிலாந்து சென்று ஆண்டுகள் பல ஆயின. அவரும் அத்தானும் இரு குழந்தைகளும் நார்போக் மாவட்டத்தில், நார்விச் நகருக்கு வடக்கே ஒரு சிற்றூரில் வாழ்கின்றனர். வீடு செங்கல்லும் சக்கிமுக்கிக் கல்லுங் கொண்டு கட்டிய பழைய வீடு. அப்பகுதி நிலத்தைத் தோண்டினாற் கிடைப்பது சக்கிமுக்கிக் கல்லே. ஆதலின் ஆலயம் முதற் கொட்டில் ஈறாக அங்குள்ள பழங்கட்டடங்கள் பலவும் அக்கல்லால் எழுந்தவையே. காண்பதற்கு மிக அழகியவை. ஆயின், இடையில் வெற்றிடமில்லாத அத்திண்ணிய சுவர் வெப்பத்தை வெளியே விடுவதிற் சிறிதும் உலோபம் காட்டுவதில்லை.

அந்நாட்டு நகரங்களில் தெருவின்கீழ்க் குழாய்வழி எரிவாயு வருகின்றது. வீடுகளுட் பெரும்பாலானவை அதனாலேயே சூடேறுகின்றன. அக்குழாய் எட்டாத நாட்டுப்புறமும் உண்டு. அக்காள் வீடு அத்தகையது. வீட்டின் பின்னே ஒரு பச்சைத் தொட்டி நிற்கக் கண்டு, "அதில் யாது உளது?" என வினவினோம். அத்தான் நகைத்து, "வேறென்ன மாப்பிள்ளை, முன்னாளில் நாம் ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெய்தான்" என்றார். உண்மையும் அதுவே. அம்மண்ணெண்ணெய் பாய்லர் எனப்படும் கொதிகலனில் எரிந்து நீரைச் சுடவைக்கும். அச்சுடுநீர் குழாய்வழி அறைதோறுஞ் சென்று, சுவரையொட்டி நிற்கும் ரேடியேட்டர் என்னும் இரும்புத் தகடுகளிற் புகுந்து, வெப்பத்தை அங்கு இறக்கிவிட்டு, மீண்டும் கலத்தையடையும். உடலிற் குருதி ஓடுமாறு போல்வது அது.

2024ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அக்காள் எம்மை அங்கு அழைத்திருந்தார். அத்தானின் தாயாராகிய அத்தையும் பேரக் குழந்தைகளைக் காண ஊரிலிருந்து வந்திருந்தார். பண்டிகை கழிந்த மூன்றாம் நாள் விடியலில் அக்கொதிகலன் ஓய்ந்தது. அதற்கு அப்பொழுது அகவை இருபத்திரண்டு. வீடு குளிர்ந்த விரைவை யாம் என்றும் மறவோம். நண்பகலுக்குள் சுவரைத் தொட்டாற் கை கூசிற்று. மாலையிற் கண்ணாடிப் பலகணியின் உட்புறத்தே நீர் வடிந்தது. கூடத்தில் இருந்த விறகடுப்பை மூட்டி, எழுவரும் அவ்வோரறையிலேயே இரண்டு இரவு துயின்றோம் என்னலாகாது, கிடந்தோம் என்க. எழுவர் என்றது, எம்முடன் விடுமுறைக்கு வந்திருந்த அத்தானின் தம்பியையுஞ் சேர்த்து. அத்தைக்கு முழங்கால் மூட்டுக்கள் வீங்கின. இளைய குழந்தைக்கு இளைப்பு நோய் உண்டு. விறகுப் புகை சிறிது கசிந்தாலும் அதற்கு மூச்சு இழுத்தது. நெருப்பை மூட்டினாற் குழந்தைக்குத் துன்பம். அவித்தாற் கிழவிக்குத் துன்பம். குளிரென்பது ஏட்டுப் பொருளன்று என்பதை அவ்விரவிற் கற்றோம்.

மூன்றாம் நாள் வந்த தொழிலாளர் ஓர் உறுப்பை மாற்றிக் கலத்தை மீண்டும் எரியச் செய்தார். "இக்குளிர்காலம் தாங்கும், அடுத்ததற்கு உறுதி கூறேன்" என்று சொல்லிச் சென்றார். அச்சொல்லே இவ்வாராய்ச்சிக்கு வித்து. குளிரில் நடுங்கும்போது கொள்ளுங் கருவி ஆராய்ந்து கொள்ளுங் கருவியாகாது. பழையது ஓய்ந்த அன்றே மாற்றவேண்டின், எவன் நாளை வருவானோ அவன் தருவதையே வாங்க நேரும். அஃது பெரும்பாலும் பழையது போன்றதொன்றாகவே இருக்கும். ஒருமுறை அமைத்தது பதினைந்து இருபது ஆண்டு நிற்குமாதலின், ஓரிரவு நடுக்கம் இருபது ஆண்டைத் தீர்மானித்துவிடும். பழுது பார்த்ததால் எம்மவர்க்குக் கிடைத்தது காலம். அக்காலத்தை வீணாக்கலாகாதென அக்காள் உறுதி கொண்டார்.

கணக்கெழுதும் பணி எம்பால் வந்தது. "தமிழ் படிக்கிறவனிடமா கணக்கு?" என்று அத்தான் ஏளனஞ் செய்தார். "யாப்பிலக்கணத்தில் மாத்திரை எண்ணுகிறவன் யூனிட்டும் எண்ணுவான்" என்றார் அக்காள். எண்ணினோம்.

முதலில் அறியவேண்டுவது, எவ்வளவு வெப்பம் வீட்டிற்கு வேண்டும் என்பது. ஆண்டிற்கு 2,000 லிட்டர் எண்ணெய் வாங்கினர் என்பது பழைய ரசீதுகளால் விளங்கிற்று. ஒரு லிட்டரில் அடங்கிய ஆற்றல் ஏறத்தாழ 10.3 யூனிட். ஆகவே எரித்தது 20,600 யூனிட். பழங்கலம் ஐந்திற் நான்கு பங்கையே வீட்டிற்குத் தந்து எஞ்சியதைப் புகைக்கூண்டு வழியே போக்கிற்று எனக் கொண்டால், வீடு உண்டது ஏறத்தாழ 16,500 யூனிட் வெப்பம். இவ்வெண்ணே எம் கணக்கிற்கு அடிப்படையாயிற்று.

இனி வழிகளை ஒவ்வொன்றாகக் கூறுவாம். முதலாவது, புதிய எண்ணெய்க் கொதிகலன். பத்தில் ஒன்பது பங்கு வெப்பத்தை வீட்டிற்குத் தருமாதலின் 1,780 லிட்டர் போதும். அவர்கள் வாங்கிய விலையாகிய லிட்டருக்கு 65 பென்ஸ் வீதம் ஆண்டுச் செலவு சுமார் 1,160 பவுன். கலத்திற்கு 4,000 பவுனும், வெடிப்புக் கண்ட ஒற்றைச் சுவர்த் தொட்டிக்கு மாற்றாக இரட்டைச் சுவர்த் தொட்டி வைக்க 1,800 பவுனும் கேட்டனர்.

இரண்டாவது, தொட்டியில் நிரப்பும் திரவ வாயு. நம் வீட்டுச் சமையல் வாயுவில் பியூட்டேனும் புரோப்பேனுங் கலந்திருக்கும். பியூட்டேன் நீருறையும் குளிரிலே ஆவியாகாது நின்றுவிடும். ஆதலின் ஆங்கு வெளியில் வைக்குந் தொட்டிகளிற் புரோப்பேனையே நிரப்புவர். எண்ணெயினும் தூயதாய் எரியும். ஆயின் ஒரு லிட்டரில் ஏழு யூனிட்டே உண்டு. சொல்லப்பட்ட விலைக்கு ஆண்டுச் செலவு 1,560 பவுனாயிற்று. இவ்வழி விலக்கப்பட்டது.

மூன்றாவது, இரவில் மலிவாகக் கிடைக்கும் மின்சாரத்தாற் செங்கல்லைச் சுடவைத்துப் பகலில் அவ்வெப்பத்தை வெளிவிடும் சேமிப்புக் கணப்பு. இரவுக் கட்டணம் குறைந்த திட்டம் அந்நாட்டில் 1978ஆம் ஆண்டில் தோன்றிற்று. அமைக்கச் செலவு குறைவு. ஆயின் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் வெப்பமே தரும். யூனிட் 15 பென்ஸ் வீதமாயினும் 16,500 யூனிட்டிற்கு 2,475 பவுன்! இதுவும் விலக்கப்பட்டது. நான்காவதாகிய மரத்துண்டுக் கொதிகலன், இளைப்பு நோயுள்ள குழந்தையை எண்ணி, கணக்கிற் புகுமுன்னரே விலக்கப்பட்டது.

ஐந்தாவதே எம்மை மயக்கியது. அதனை ஹீட் பம்பு என்பர். யாம் எம் கணக்கேட்டில் அதற்கு "வெப்ப ஏற்றம்" எனப் பெயரிட்டோம். நம் முன்னோர் கிணற்றிலிருந்து ஏற்றத்தால் நீரிறைத்தனர். ஏற்றம் நீரை உண்டாக்குவதில்லை; தாழ்ந்த இடத்து நீரை உயர்ந்த இடத்துக்கு எடுத்துவிடுகின்றது. ஏற்றக்காரன் உழைப்பு தூக்குவதற்கு மட்டுமே. அவ்வாறே இக்கருவியும் மின்சாரத்தை எரித்து வெப்பமாக்குவதில்லை. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தைத் தூக்கி வீட்டினுட் சேர்க்கின்றது. "பனி பெய்யும் காற்றில் வெப்பம் ஏது?" என்று அத்தை வினவினார். நல்ல வினா. வெப்பம் முற்றும் அற்ற நிலை பூச்சியத்திற்குக் கீழே 273 பாகையில் உள்ளது. ஆகவே நீருறையும் காற்றும் அந்நிலையை நோக்கப் பெருஞ்சூடுடையதே. இக்கருவிகள் பலவற்றுள் ஓடும் புரோப்பேன், பூச்சியத்திற்குக் கீழே 42 பாகையிற் கொதிக்கும் இயல்பினது. ஆதலின் குளிர்காற்றின் வெப்பமே அதனை ஆவியாக்கப் போதும். அவ்வாவியை அழுத்தினாற் சூடேறும். மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்குங்கால் குழல் சூடேறுதல் யாவரும் அறிந்ததே. அச்சூட்டை நீரில் இறக்கிவிட்டு அது மீண்டும் திரவமாகும். நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியும் இதனையே செய்கின்றது. தன் வயிற்றினின்றும் வெப்பத்தைக் கவர்ந்து முதுகின்வழி வெளியே விடுகின்றது.

இக்கருத்துப் புதியதன்று. பிற்காலத்தே கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1852ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கினார். சுவிட்சர்லாந்தில் சூரிச் நகர மன்றம் 1938இல் ஆற்றுநீரின் வெப்பத்தை இவ்வாறு எடுத்துச் சூடேற்றப்பட்டது. எமக்குப் பெருவியப்பு அளித்தது பிறிதொன்று: 1945இல் ஜான் சம்னர் என்னும் மின்பொறிஞர் ஆற்றுநீரினின்று வெப்பமிறைத்து நகராட்சிக் கட்டடமொன்றைச் சூடேற்றிக் காட்டியது, அக்காள் நாள்தோறும் பணிக்குச் செல்லும் அதே நார்விச் நகரிலேதான். எனினும் எண்பது ஆண்டு கழிந்தும் அவ்வூரார் பலர்க்கு இஃது நேற்றுத் தோன்றிய புதுமையாகவே இருக்கின்றது.

நிற்க. கணக்கு யாது கூறிற்று? ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆண்டுச் சராசரியாக மூன்று யூனிட் வெப்பம் எனக் கொண்டால், 5,500 யூனிட் மின்சாரம் போதும். 25 பென்ஸ் வீதம் 1,375 பவுன். அமைக்கும் கூலியுங் கருவியும் 13,500 பவுன். அதில் அரசினர் கொடை 7,500. அக்கொடை 2022இல் 5,000 பவுனாகத் தொடங்கி, 2023 அக்டோபரில் அவ்வளவிற்கு உயர்ந்தது. எஞ்சுவது 6,000 பவுன். எண்ணெய்க் கலத்துக்கும் தொட்டிக்கும் ஆவது 5,800. ஆக, அமைப்புச் செலவு ஏறத்தாழ ஒன்றே. ஆண்டுச் செலவிலோ எண்ணெயே 200 பவுன் மலிவு. மூன்று யூனிட் தந்தும் ஏன் மலிவாகவில்லையெனின், அந்நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை அவ்வளவு எண்ணெயின் விலையைப் போல் நான்கு மடங்காதலின் என்க. "பார்த்தீர்களா?" என்றார் அத்தான். கணக்கேட்டை மூடிவிடலாமெனவே எமக்குந் தோன்றிற்று.

அக்காள் மூடவிடவில்லை. "விலை இன்றைக்கு 65 பென்ஸ். 2022 மார்ச்சில் எவ்வளவு?" என்றார். உக்ரைன் போர் மூண்டதை அடுத்து வந்த அத்திங்களில் எண்ணெய் விலை இருமடங்கிற்கும் மேலாயிற்று. மின்சாரத்துக்கும் குழாய் வாயுவுக்கும் 2019 முதல் விலை வரம்பு உண்டு. எண்ணெய்க்கு அவ்வரம்பு இல்லை. பின்னர் அரசினர் எண்ணெய் வீட்டார்க்கு 200 பவுன் உதவினர். அஃது யானைப் பசிக்குச் சோளப்பொரி. மேலும் 500 லிட்டருக்குக் குறைவாகக் கொண்டுவந்து ஊற்றுவாரில்லை. ஆதலின் திங்கட் சம்பளக்காரர் ஒரே நாளில் பெருந்தொகை கொடுக்கவேண்டும். அவ்வாண்டு அக்காள் இரவுப் பணி மிகுதியாகப் பார்த்தது எதற்கென்பது அன்றுதான் எமக்குத் தெரிந்தது. பிறிதொன்றும் கூறினார்: ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் இரண்டரைக் கிலோ கரியமில வாயு. இரண்டாயிரம் லிட்டர்க்கு ஐந்து டன். அந்நாட்டுக் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. மின்சாரமோ ஆண்டுதோறும் தூயதாகி வருகின்றது. எண்ணெய் எத்துணை ஆண்டு கழியினும் எண்ணெயே.

அத்தான் கூறிய தடைகளும் வலியனவே. இவ்வூர்களில் எண்ணெய்க் கலத்தை 2026 முதல் புதிதாக வைக்கலாகாதெனக் கருதிய அரசினர், 2023 செப்டம்பரில் அவ்வெல்லையை 2035க்குத் தள்ளினர். மாறும் சொல்லை நம்பி எங்ஙனம் வீட்டை மாற்றுவது? மின்சாரம் நின்றால் யாது செய்வது? 2021 நவம்பரில் வீசிய ஆர்வென் புயலில் வடபகுதியிற் சில வீடுகள் ஒரு வாரத்திற்கு மேலும் இருளிற் கிடந்தன. இன்னும், இக்கருவி தரும் நீர் 45 பாகைச் சூடே. பழங்கலம் தந்தது 70. தொட்டாற் சுடாத தகடு சக்கிமுக்கிச் சுவர் வீட்டை எங்ஙனம் காக்கும்?

இவற்றிற்கு விடை சொல்லாற் கிடைக்கவில்லை. அவர்கள் செல்லும் ஆலயத்து அன்பர் ஒருவர் வீட்டில் இக்கருவி உண்டு; வீடும் அத்தகைய பழங்கல் வீடே. பிப்ரவரித் திங்களில் ஒரு மாலை அத்தான் அங்குச் சென்று இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தார். திரும்பி வந்து, "தகடு கை வைக்கும்படி இருக்கிறது, ஆனால் அறை முழுதும் ஒரே சூடு" என்றார். காரணம் எளிது. சூடு குறைந்த நீர், அகன்ற தகட்டின்வழி, நாள் முழுதும் இடைவிடாது வெப்பம் வார்க்கின்றது. பழங்கலமோ காலையிலும் மாலையிலும் கொதித்து இடையில் உறங்கும். ஆதலின் அறைதோறும் அளந்து, வெளியேறும் வெப்பத்தைக் கணக்கிட்டு, வேண்டிய இடத்துப் பெரிய தகடு வைப்பதே இதன் உயிர்நிலை. அளவாது அமைப்போனை அணுகலாகாது. மின்தடைக்கு விறகடுப்பு இருக்கவே இருக்கிறது. ஆண்டில் ஓரிரு நாள் புகையைக் குழந்தை தாங்கும், ஆண்டு முழுதும் தாங்காது.

ஈண்டு யாம் மறைத்தற்குரியதல்லாத ஒன்றுண்டு. அக்காள் எடுத்துச் செலவிட இருந்த பணம், எம் ஊர் வீட்டின் கூரையை மாற்றுவதற்கென அவர் மூன்றாண்டு சேர்த்தது. எம் வீட்டு ஓடுகள் பல உடைந்தவை. ஐப்பசி மழைக்கு அடுக்களையில் நான்கு பாத்திரம் வைப்பது வழக்கம். ஆகவே யாம் எழுதிய ஒவ்வோர் எண்ணும் எம் கூரையைத் தொட்டது. பழங்கலத்தை இன்னும் ஓராண்டு ஓட்டலாமெனில் கூரை எழும். அக்காள் ஞாயிறு மாலைத் தொலைபேசியில் இதனை அப்பாவிடம் கூறத் தயங்கினார், யாமே கூறினோம். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "மழைக்குப் பாத்திரம் வைக்கலாம், குளிருக்கு என்ன வைப்பாய்? பிள்ளைகளைப் பார்" என்றார். குளிரும் ஏழையை நோக்கிக் குளிர்காய்ந்து போவெனச் சொல்லி ஒன்றுங் கொடாது அனுப்புவோரை யாக்கோபு அப்போஸ்தலர் கடிந்துள்ளார். அந்நிருபத்தைச் சிறுவயது முதல் கேட்டிருந்தும், பொருள் விளங்கியது அன்றுதான்.

முதலிற் செய்தது கருவி வாங்குதலன்று. பரணில் 100 மில்லிமீட்டர் இருந்த கம்பளிப் போர்வையை 270ஆக உயர்த்தியதே. செலவு 700 பவுன். ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவோன் முதலில் ஓட்டையை அடைப்பான் அன்றோ? பின், கருவி வைக்கத் தகுந்த இடம் அடுத்த வீட்டு வேலியிலிருந்து ஒரு மீட்டருக்குட்பட்டு அமைந்தது. அவ்வாறு தனி அனுமதியின்றி வைக்கலாகாதென்றிருந்த விதி 2025 மே மாத இறுதியில் நீக்கப்பட்டது. எனினும் அக்காள் அண்டை வீட்டு மூதாட்டியாரைக் கண்டு இசைவு பெற்ற பின்னரே இடத்தைக் குறித்தார். ஆகஸ்டில் நான்கு நாளில் வேலை முடிந்தது. பச்சைத் தொட்டியை எடுத்துச் சென்றனர். அவ்விடத்தில் இப்போது கொத்தமல்லி விதைக்கப் போவதாக அக்காள் கூறுகின்றார்.

2025 அக்டோபர் முதல் 2026 ஜனவரி முடிய நான்கு திங்களில் அக்கருவி உண்டது 2,900 யூனிட். தந்த வெப்பம் 8,900. மூன்று மடங்கிற்குச் சற்று மிகுதி. ஜனவரியில் மிகக் குளிர்ந்த நாட்களில் இரண்டரை மடங்கிற்குங் கீழே தாழ்ந்தது. வெளிக்கருவியின்மேற் பனி படிந்து, அதனை உருக்கச் சில நிமிடம் நின்று நின்று ஓடிற்று. அத்தான் அந்நாட்களிற் கட்டணத்தை நோக்கிப் பெருமூச்செறிந்தார் என்பதும் உண்மை. இளைய குழந்தைக்கு இக்குளிர்காலத்தில் இரவில் மூச்சு இழுக்கவில்லை; அதற்கு இதுவே காரணமென்று சாதிக்க யாம் மருத்துவரல்லோம்.

சிறந்த கணப்பு யாதெனின், எல்லா வீட்டிற்கும் பொருந்துவது ஒன்றில்லை. சுவரும், பரணும், பணமும், உள்ளிருப்போர் உடல்நிலையும் நோக்கியே துணிதல் வேண்டும். அத்துணிவைக் கோடையிற் செய்தல் வேண்டும். ஏட்டிற் கூட்டிய எண்கள் எம்மை வாயில்வரை கொண்டுவந்து நிறுத்தின; உள்ளே புகுந்தது, யாரை முதலிற் காக்கவேண்டும் என்னும் வினாவிற்கு விடை கண்ட பின்னரே.

எம் வீட்டுக் கூரையின் வடபாதி இத்தை மாதத்தில் மாற்றப்பட்டது. தென்பாதிக்கு இரண்டு பாத்திரம் போதும்.